ஆளுக்கொரு மூலை

அப்பாவோடு உட்கார்ந்து அரை மணி நேரம் பேசுவதற்குப் பதிலாக அவருக்கு ஒரு பூங்காவையே போட்டுக் கொடுத்த மகள் என்று உலகத்தில் யாராவது உண்டென்றால் அது நித்யா மேரிதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் செபமாலை நகர் என்று ஒரு குடியிருப்பு. அதன் நடுவில் ஏறக்குறைய ஒரு ஏக்கர் பொது இடம், கருவேலம் முளைத்து, வெள்ளம் வடிந்தபோதெல்லாம் ஊர்ச் சேற்றைக் கொட்டும் இடமாகக் கிடந்தது. அதைப் பூங்காவாக்குவது என்று நகர் நலச் சங்கம் முடிவெடுத்தது. பூங்கா வடிவமைப்புதான் நித்யாவின் தொழில். யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் தானே போய் நின்று, சம்பளம்கூட வேண்டாம் என்று சொல்லி, அந்த வேலையை வாங்கிக்கொண்டாள். அந்த இடத்துக்கு எதிர் வீட்டில்தான் அவள் அப்பா சவரிராயன் தனியாக இருந்தார்.

சவரிராயன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் அவரால் தெருவில் நாலடி நிம்மதியாக நடக்க முடியாது. "சார், கரண்ட் எப்ப வரும்?" "சார், எங்க வீதில மட்டும் வோல்டேஜே இல்ல சார்." 'தானே' என்று பெயர் வைத்த புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்த நாட்களில் அவர் வந்த ஜீப்பைப் பார்த்துத் தெருவே எழுந்து ஓடி வந்தது. திட்டுவதற்கு ஓடி வந்தவர்களும் உண்டு, டீ கொடுக்க ஓடி வந்தவர்களும் உண்டு. ஓய்வு பெற்ற மறுநாளே அந்தக் கேள்விகள் நின்றுபோயின. மூன்று வருடத்துக்கு முன்னால் மனைவி சகாயசெல்வி இறந்த பிறகு, வீட்டில் இருந்த பேச்சும் நின்றுபோனது. காலையில் டிவியைப் போட்டால் படுக்கப்போகும்போதுதான் அணைப்பார். பார்ப்பதற்காக இல்லை, வீட்டில் ஒரு குரல் கேட்க வேண்டுமே, அதற்காக.

நித்யாவோ சிதம்பரத்தில் இருந்தாள். கல்யாணம் அவளைச் சிதம்பரத்துக்குக் கூட்டிப்போனது. கல்யாணம் முறிந்து வேறு வீடு பார்த்துக்கொண்ட பிறகும் அங்கேயே தங்கிவிட்டாள். கடலூருக்குத் திரும்பினால் கோயில் வாசலில் நின்று ஆளாளுக்கு விசாரிப்பார்கள் என்ற பயம்தான், வேறொன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காரை எடுத்துக்கொண்டு அப்பாவைப் பார்க்க வருவாள். "மாத்திர போட்டியா?" "போட்டேன்." "தண்ணி வருதா?" "வருது." அதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது. அம்மா இருந்தவரை இந்தப் பக்கத்துப் பேச்சை அந்தப் பக்கமும் அந்தப் பக்கத்துப் பேச்சை இந்தப் பக்கமும் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள். அவள் போனதும் அப்பாவும் மகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துவிட்டுப் பிரிந்தார்கள்.

காரில் திரும்பிப் போகும்போதெல்லாம் நித்யா மனதில் ஒரே கணக்குதான் ஓடும். அப்பாவுக்கு நாலு பேர் துணை வேண்டும், எதிரிலேயே வேண்டும், தினமும் வேண்டும். தான் வந்து இருக்க முடியாது. அப்படியானால் நாலு பேரைக் கொண்டுவந்து அவர் வாசலில் விட வேண்டும். அதற்குத்தான் அந்தப் பூங்கா. மற்றவர்களிடம் அவள் சொன்ன காரணங்கள் வேறு, நிழல், காற்று, எல்லா வயதினருக்குமான இடம் என்றெல்லாம். அவளுக்குள்ளே இருந்தது இது ஒன்றுதான்.

இப்போது அவள் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரியாக இருந்திருந்தால் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். செபமாலை நகரில் பாதிக்கு மேல் கத்தோலிக்கக் குடும்பங்கள். அங்கே எந்தக் காரியமானாலும் சபை பிரித்துத்தான் நடக்கும். பாலர் சபை, இளையோர் குழு, அன்னையர் சபை, முதியோர் மன்றம். திருவிழா வந்தால் ஒன்பது நாள் நவநாள் செபத்தில் சபைக்கு ஒரு நாள். அன்னதானம் என்றால் காய் நறுக்க ஒரு சபை, பந்தி பரிமாற ஒரு சபை. சிலுவைப்பாதைக்குப் போனால்கூட, நின்று செபிக்கும் பதினான்கு நிலைகளைச் சபைக்கு இத்தனை என்று பங்கு போட்டுக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு இந்துக் குடும்பங்களும் பழகிப்போய், நலச் சங்கத்தின் பொங்கல் விளையாட்டுப் போட்டியையும் அப்படியே நடத்தின. அதிலேயே பிறந்து, பாலர் சபையில் பாட்டுப் பாடி, இளையோர் குழுவில் நாடகம் போட்டு வளர்ந்தவள் நித்யா. பூங்காவில் என்ன வேண்டும் என்று ஊரைக் கேட்க வேண்டி வந்தபோது, அவளும் சபை சபையாகக் கூட்டித்தான் கேட்டாள். இன்னொரு விதமாகக் கேட்கலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை.

கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகளின் அம்மாக்கள், பெரிய பையன்கள் பந்தடிக்கும் இடம் பக்கத்தில் இருக்கவே கூடாது என்றார்கள். பெரிய பையன்களோ, "அக்கா, பெருசுங்க ஒக்காந்து எங்களையே மொறச்சி பாத்துகிட்டு இருப்பாங்கக்கா, எங்களுக்குத் தனியா குடுத்துடுங்க" என்றார்கள். அன்னையர் சபைப் பெண்கள், நடக்கும்போது யாரும் வேடிக்கை பார்க்காத மாதிரி செடி வைத்து மறைத்த நடைபாதை கேட்டார்கள். முதியோர் மன்றத்துக்காக நலச் சங்கத் தலைவர் தேவசகாயமே எழுந்து பேசினார். "எங்களுக்கு ஒண்ணும் பெருசா வேணாம்மா. சத்தம் இல்லாம ஒரு மூல குடுத்துடு. பந்து வந்து மேல விழாம இருந்தா போதும்."

நன்றாகக் கவனித்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்கும். யாரும் தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லவில்லை, பக்கத்தில் யார் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். சபையாகக் கூட்டினால் மனிதன் சபைக்காகத்தானே பேசுவான்! நித்யா அதைக் கவனிக்கவில்லை. அவள் கண்ணெல்லாம் கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா மேல் இருந்தது.

"ஒனக்கு என்ன வேணும்னு சொல்லேன்பா."

"எனக்கு என்னம்மா. எல்லாரும் சொல்றதுதான்" என்றார் சவரிராயன்.

கேட்டவர்களுக்குக் கேட்டதை அப்படியே கொடுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, அழகான பூங்கா. வடகிழக்கு மூலையில் குழந்தைகளுக்கு இடுப்பளவு வேலி போட்ட விளையாட்டு இடம், விழுந்தாலும் அடிபடாத ரப்பர் தரை. வடமேற்கு மூலையில் இளைஞர்களுக்குப் பூப்பந்துத் தளமும் உடற்பயிற்சிக் கம்பிகளும். சுற்றிலும் செம்பருத்தி வேலிக்குள் பெண்களுக்கான நடைபாதை. தென்மேற்கு மூலையில், மற்ற எதிலிருந்தும் எட்டத்தில், புங்கமரத்து நிழலில் முதியோர் திடல். சக்கர நாற்காலி ஏறச் சரிவுப்பாதை, பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி வைத்த பெஞ்சுகள், அவர்களுக்கென்று தனியாக ஒரு சின்ன கேட். அந்த கேட் சவரிராயன் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே வரும்படி அவள் அளந்து வைத்திருந்தாள். மதில் ஓரம் காகிதப்பூ படர்ந்து, பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே அதுதான் தெரியும்.

திறப்பு விழா முடிந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழரை, எட்டு மணிக்கு அப்பாவுக்கு போன் போட ஆரம்பித்தாள்.

"பார்க்குக்குப் போனியாப்பா?"

"போனேன்மா. இப்பதான் வந்தேன்."

"யாராச்சும் பேசினாங்களா?"

முதலில் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. பிறகு என்ன ஆச்சரியம், அப்பா பேச ஆரம்பித்தார்! "இன்னிக்கி ஒரு சின்ன பாப்பாம்மா. மடியில வந்து ஒக்காந்தது எறங்கவே மாட்டேங்குது. என் கண்ணாடிய புடிச்சி இழுத்துகிட்டே இருக்கு." இன்னொரு நாள், "நர்சிங் படிக்கற பொண்ணு ஒண்ணு. நாளைக்கி பரீட்சையாம். புக்க என்கிட்ட குடுத்துட்டு கண்ண மூடிகிட்டு ஒப்பிக்குது. நான் என்னத்த கண்டேன், சரி சரின்னு தலையாட்டினேன்." வேறொரு நாள், பண்ருட்டிப் பலாப்பழம் வைத்திருந்த ஒரு ஆள், சண்டை போட்டுக்கொண்டு வந்த புருஷன் பெண்டாட்டி, இப்படி ஏதாவது ஒன்று. அம்மா போன பிறகு அப்பா இத்தனை பேசி அவள் கேட்டதில்லை.

போனை வைத்த பிறகு நித்யா தன் வீட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொள்வாள். அவளுடைய அன்றைய நாளிலும் அந்தப் பேச்சு ஒன்றுதான் பேச்சு. மற்றதெல்லாம் கொத்தனாரிடம் கத்துவது, டைல்ஸ் கடைக்காரனிடம் கெஞ்சுவது. பூங்கா பலித்துவிட்டது என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. சிதம்பரத்தில் ஒரு குடியிருப்பு இதே மாதிரி பூங்கா கேட்டு வந்தபோது, அவர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, ஒரு பெரியவர், மடியை விட்டு இறங்காத ஒரு பாப்பா என்று அப்பா கதையைத்தான் சொன்னாள். கேட்டவர்கள் உருகிப்போய் அந்த வேலையை அவளுக்கே கொடுத்தார்கள்.

ஒரு வியாழக்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடைக்கு வர வேண்டியிருந்தது. வந்த வேலை சீக்கிரம் முடிந்தது. மணி ஆறு. அப்பா இந்நேரம் பூங்காவில்தான் இருப்பார், சொல்லாமல் போய் நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மஞ்சக்குப்பத்துக்கு வண்டியை விட்டாள்.

பூங்காவில் ஆட்கள் இருந்தார்கள். வேலிக்குள்ளே பிள்ளைகள் ஆடினார்கள், அம்மாக்கள் வேலிக்கு வெளியே நின்று போன் பார்த்தார்கள். பையன்கள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கம்பியில் தொங்கினார்கள். பெண்கள் செம்பருத்திக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக வேகமாக நடந்தார்கள். ஒரு சண்டை இல்லை, ஒரு கூச்சல் இல்லை, யாரும் யாரையும் கூப்பிடவில்லை. பொது இடம் என்றால் ஒரு சின்னத் தகராறாவது இருக்க வேண்டாமா? நித்யாவுக்கு என்னவோ போல இருந்தது. புங்கமரத்துப் பக்கம் போனாள். பெஞ்சுகள் எல்லாம் காலி. ஒன்றில் மட்டும் பூங்காவைக் கூட்டும் பொன்னி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. என்னா இந்தப் பக்கம்?"

"பெரியவங்கல்லாம் எங்க பொன்னி?"

"மொத வாரம் வந்தாங்கக்கா. அப்பறம் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. தில்லையம்மாளுக்கு பேத்தி ஆடறத பாக்கணுமாம், இங்கேருந்து தெரியலையாம். போயி வேலியாண்ட நின்னு பாத்தாங்க. கால் வலிக்குதுன்னு அதுவும் வுட்டுட்டாங்க. எனக்கு நல்லதுதான், கூட்டற வேல மிச்சம்."

"எங்கப்பா?"

"ஒங்கப்பாவா? தெறப்பு விழாவுக்கு வந்தாரே, அதோட சரி." பொன்னி கீரைக்காம்பை ஓரமாகப் போட்டாள். "மத்தியானம் சாப்ட்டுட்டு சட்டையெல்லாம் மாட்டிகிட்டு கெளம்பிடுவாரு. அவரு எங்க போறாருன்னு நான் என்னத்த கண்டேன்."

எதிரே வீடு பூட்டிக் கிடந்தது. நித்யா அந்தச் சின்ன கேட்டில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தாள். 

"எங்கப்பா இருக்க?"

"பார்க்குலதாம்மா." பின்னால் ஒரே இரைச்சல், ஹாரன், யாரோ ஒரு பெண் உரக்கச் சிரிக்கும் சத்தம். "கூட்டம் ஜாஸ்தியா இருக்கு, ஒண்ணும் கேக்கல. அப்பறம் பேசறேன்."

அப்போதே "நான் பார்க்குல நிக்கறேன்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசல் படியில் உட்கார்ந்து அவர் வரும்வரை காத்திருந்திருக்கலாம். அவள் இரண்டையும் செய்யவில்லை. கோபம் ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். தன் பூங்கா தோற்றது பெரிதா, அப்பா பொய் சொன்னது பெரிதா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. சிதம்பரம் போகும் வழியெல்லாம் மனது கண்டபடி ஓடியது. குடிக்கப் போகிறாரோ? சீட்டாட்டமோ? இந்த வயதில் யாராவது ஒரு பெண்ணோ? அட, அப்படியே ஒரு பெண் இருந்தாலும் தேவலையே என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதே சோபா, அதே டிவி. "நம்ம நர்சிங் பொண்ணு பாஸ் பண்ணிடுச்சிம்மா" என்றார் அப்பா, முகமெல்லாம் சந்தோஷமாக. நித்யா "அப்படியா" என்றாள். கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்வார், அந்தப் பதிலைத் தான் கேட்டாக வேண்டும். பேசாமல் அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்து நடந்தது தற்செயல்தான். சிதம்பரம் பூங்காவின் வரைபடங்களைப் பெரிய தாளில் பிரிண்ட் எடுக்க பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஒரு கடைக்கு வந்திருந்தாள். பக்கம்தானே என்று நடந்தே வந்திருந்தாள். சுருட்டிய தாள்களையும் லேப்டாப்பையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்தபோது, கடலூரிலிருந்து வந்த பஸ் ஒன்று உள்ளே நுழைந்தது. அதிலிருந்து இறங்கியவர்களில் சவரிராயனும் இருந்தார். மழமழவென்று சவரம் செய்த முகம், தேய்த்த கட்டம் போட்ட சட்டை.

நித்யாவுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது போல இருந்தது. என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்! சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் பால் இருக்கிறதா, ஹாலில் காயப்போட்ட துணியெல்லாம் அப்படியே கிடக்கிறதே என்றெல்லாம் யோசித்தாள். இரு, வாசலுக்கு வரட்டும், பின்னாலேயே போய்த் தோளைத் தொடலாம் என்று நின்றாள்.

அவர் வாசலுக்கு வரவில்லை. உள்ளேயே ஒரு டீ குடித்தார். பிறகு கடலூர் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய் நின்றார். ஒரு பஸ் பாதி காலியாகக் கிளம்பியது, அவர் ஏறவில்லை. கண்டக்டர் கூப்பிட்டுக்கூடப் பார்த்தார், இவர் கையை ஆட்டி மறுத்துவிட்டார். அடுத்த பஸ் வந்து நின்றது. கல்லூரி விட்டு வந்த கூட்டமும் கடைத்தெருக் கூட்டமும் அடித்துப் பிடித்து ஏறியது. அதில் முதல் ஆளாக ஏறி, மூன்று பேர் சீட்டில் நடைவழி ஓரமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

பத்து நிமிடத்தில் நடந்து போகலாம் மகள் வீட்டுக்கு. இங்கே வரை வந்துவிட்டு, டீ குடித்துவிட்டு, திரும்பிப் போகிறார்.  நித்யா பின்பக்கப் படியில் தானும் ஏறிவிட்டாள். ஏன் ஏறினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

நிற்க இடமில்லாத கூட்டம். இந்தப் பக்கத்துப் பஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார இடம் கிடைத்தவன் மடி பொதுச் சொத்து. நிற்கிறவர்கள் பை, கூடை, தூக்குவாளி, பெற்ற பிள்ளை எதையும் அதில் வைக்கலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை, நன்றி சொல்ல வேண்டியதுமில்லை. பஸ் கிளம்பி வெள்ளாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் சவரிராயன் மடி நிறைந்துவிட்டது. ஒரு கல்லூரிப் பையனின் பை, அதன் மேல் ஒரு சாப்பாட்டுக் கூடை. இடுப்பில் குழந்தையோடு தடுமாறிய ஒரு பெண், "ஐயா, இவன கொஞ்சம் வெச்சிக்குங்க" என்று குழந்தையையும் நீட்டினாள். அவர் பையைத் தொடைக்கும் கம்பிக்கும் நடுவில் தள்ளிவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டார். அது உடனே அவர் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

பின்னால் நான்கைந்து வரிசை தள்ளி, கம்பியில் தொங்கிக்கொண்டு நித்யா இதையெல்லாம் பார்த்தாள். ஒரு பாட்டியம்மாள் தூங்கி விழுந்து காலேஜ் பெண்ணின் தோளில் சாய்ந்திருந்தாள், அந்தப் பெண் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காலை மிதித்ததற்கு ஒருவன் கத்தினான், மிதித்தவனே அவனுக்கு ஜன்னலைத் தூக்கிவிட்டான். தன் பூங்காவில் இவர்கள் அத்தனை பேரையும் ஆளுக்கொரு மூலையில், ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படாமல் உட்கார வைத்தோமே என்று நினைத்தாள். அங்கே யாரும் யாரிடமும் எதையும் கொடுத்து வைக்க வேண்டியதில்லை. பையில் இருந்த சிதம்பரத்து வரைபடத்திலும் அதே மூலைகள்தான் இருந்தன. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னாம்மா அவ்ளோ பெரிய பைய தோள்ல மாட்டிகிட்டு நிக்கற? வழிய அடைக்குது பாரு. ஒக்காந்திருக்கறவங்ககிட்ட குடு" என்று கண்டக்டர் அதட்டினார். பக்கத்தில் நின்ற பெண் அவள் தோளிலிருந்து பையை உருவியே எடுத்துவிட்டாள். நித்யா தடுப்பதற்குள் அது கை மாறி, தலைகளுக்கு மேலே முன்னால் போனது. எங்கே இடமிருக்கிறது என்று பார்த்து யாரோ அதை இறக்கினார்கள். இறக்கியது சவரிராயன் மடியில்.

அவர் திரும்பி யாருடையது என்று பார்க்கவில்லை. யார்தான் பார்ப்பார்கள்? பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, அதில் குழந்தையைச் சாய்த்துக்கொண்டு, அதன் அம்மாவோடு பேச ஆரம்பித்தார். பி.முட்லூரில் கொஞ்சம் பேர் இறங்கிக் கூட்டம் நகர்ந்ததில் நித்யா அவர் சீட்டுக்கு நேர் பின்னால் வந்திருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"எந்த ஊரும்மா?"

"புதுச்சத்திரம்ங்க. ஆஸ்பத்திரிக்கி வந்தேன். நீங்க?"

"கடலூரு. சிதம்பரத்துல நம்ம பொண்ணு வீடு. பாத்துட்டு வரேன்."

"அடிக்கடி வருவீங்களா?"

"தெனமும் வருவேன். வரலன்னா வுட மாட்டாளே! போன் மேல போன் போடுவா. இன்னிக்கி வத்தக்கொழம்பு வெச்சி, அப்பளம் பொரிச்சி, சாப்ட்டாதான் அனுப்புவேன்னு ஒத்த கால்ல நிக்கறா. சாப்ட்டு, செத்த நேரம் படுத்துட்டு, கெளம்பி வரேன்."

"குடுத்து வெச்சவருங்க நீங்க" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாம்மா" என்றார் சவரிராயன். "அவ அம்மா கைப்பக்குவம் அப்படியே அவளுக்கு."

நித்யா சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழுகை வந்துவிட்டது. அப்பாவுக்கு வத்தக்குழம்பு வைத்துப் போட்ட மகள் எவளோ ஒருத்தி சிதம்பரத்தில் இருக்கிறாள், அவளைப் பார்க்கத்தான் இவர் தினமும் போய் வருகிறார். நித்யா மேரி அவருக்கு ஒரு வாய் சோறு போட்டதில்லை.

புதுச்சத்திரத்தில் அந்தப் பெண் குழந்தையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். ஆலப்பாக்கத்தில் சாப்பாட்டுக் கூடை போனது. முதுநகர் வருவதற்கு முன்னால் கல்லூரிப் பையனும் தன் பையை எடுத்துக்கொண்டு படிக்குப் போனான். ஒவ்வொன்றும் போகப் போக சவரிராயன் காலை அசைத்து, வேட்டியைச் சரிசெய்து உட்கார்ந்தார். கடைசியாக மடியில் ஒரே ஒரு பை மிஞ்சியது. அவர் அதைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார்.

"யாருப்பா இது, பையக் குடுத்துட்டு மறந்துட்டது?"

பதில் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"என்னுதுப்பா."

அவர் திரும்பினார். முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு, எங்கே இருந்து அவள் நிற்கிறாள், எதையெல்லாம் கேட்டிருப்பாள் என்பது ஒவ்வொன்றாக அவருக்கு எட்டுவதை நித்யா பார்த்தாள். காது மடல் சிவந்துபோனது.  பக்கத்து சீட்டில் இத்தனை நேரமும் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு வந்திருந்த ஒரு நடுவயது ஆள் நிமிர்ந்து பார்த்தார்.

"இவுங்கதான் ஒங்க பொண்ணா சார்?"

சவரிராயன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாங்க, நான்தான்" என்றாள் நித்யா. குரல் உடைந்தது, விடாமல் பேசினாள். "கொழம்புல காரம் ஜாஸ்தின்னாரு, பதிலுக்கு நான் ஒரு வார்த்த சொல்லிட்டேங்க. கோச்சிகிட்டு சொல்லாம கெளம்பிட்டாரு. அதான் பின்னாடியே ஓடியாந்தேன்."

"நல்ல அப்பா, நல்ல பொண்ணு" என்று சிரித்துக்கொண்டே அந்த ஆள் முதுநகரில் இறங்கினார்.

இப்போது பஸ்ஸில் அங்கங்கே நாலைந்து பேர்தான். நித்யா அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். பையை வாங்கக் கையை நீட்டினாள், அவர் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். உப்பனாற்றுக் காற்று வந்தது. 

"ஸ்டாண்டு வரைக்கும் வந்துட்டு ஏன்பா வீட்டுக்கு வரல?" என்று கடைசியில் கேட்டாள். கோபமாகக் கேட்க நினைத்தது, கெஞ்சலாகத்தான் வந்தது.

சவரிராயன் பையின் வாரைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலேயே, கரண்ட் ஆபீஸில் யாரோ விலாசம் விசாரிப்பது போன்ற குரலில் கேட்டார்.

"அது எந்தப் பக்கம்மா இருக்கு?"

அந்த வீட்டுக்குக் குடிபோய் ஐந்து வருடம் ஆகிறது. வீட்டுக்கு வா என்று அவள் ஒருநாள்கூட அவரைக் கூப்பிட்டதில்லை. எந்தத் தெரு என்றுகூடச் சொன்னதில்லை. ஒரு அப்பாவுக்கு மகள் வீட்டுக்கு வழி தெரியாமல் இருக்கும் என்பது அவள் புத்தியில் உறைக்கவே இல்லை.

"நானே வந்து கூட்டிகிட்டுப் போறேன்பா."

"வேணாம். வேலைக்கி போறவ, ஒன்னால முடியற அன்னிக்கிதான் வருவ. வழிய சொல்லு, நானே வந்துக்கறேன்."

"ஸ்டாண்ட விட்டு வெளிய வந்து நேரா மேக்கால நட. கீழ வீதி வரும். அங்க எடது கைப்பக்கம் திரும்பினா தெற்கு வீதி மொன. மொனையத் தாண்டி ரெண்டாவது சந்து. உள்ள போனா பச்ச கேட்டு போட்ட மாடி வீடு. நான் மேல இருக்கேன்."

"மேக்கால" என்றார் அவர். "கீழ வீதி. அப்பறம் எடது பக்கம்."

"தெற்கு வீதி மொன."

"மொன." பையின் மேல் விரலால் கோடு போட்டுப் பார்த்தார். விரல் பாதியில் நின்றுவிட்டது. பஸ் கடலூர் ஸ்டாண்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது.

"மறந்துடுவேன். இன்னொரு வாட்டி சொல்லு."

அவள் முதலிலிருந்து சொன்னாள்.